ஊர்ப் பணம் ஊரில் நிற்க ஒரு நாணயச் சங்கம்

நவம்பர் 14ஆம் தேதி கூட்டுறவு வார விழா தொடங்கும். சங்கக் கட்டடத்தின் முன்னால் ஏழு வண்ணக் கொடி ஏறும். ஒரு மரக்கன்று, ஒரு கால்நடை மருத்துவ முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ். 20ஆம் தேதியோடு விழா முடிந்துவிடும். சங்கம் ஊருக்கு என்ன செய்தது என்று கேட்டால் இந்தப் படங்களைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். போன வருடம் கன்று நட்ட அதே குழியில்தான் இந்த வருடக் கன்றும் நிற்கும் என்பது வேறு கதை.

ஒரு கடன் சங்கம் ஊருக்குத் திருப்பிக் கொடுப்பதை அளக்க வேண்டுமானால் விழாப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு வரவு செலவுப் புத்தகத்துக்குப் போக வேண்டும். அங்கேயும் பெரிய தொகை எழுதியே இருக்காது. சங்கம் வாங்காமல் விட்ட வட்டியை எந்தத் தலைப்பிலும் எழுதுவதில்லை.

தமிழ்நாட்டில் சுமார் 4,450 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. இவற்றுக்கு மேலே 23 மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், அவற்றுக்கும் மேலே சென்னையில் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, பின்னணியில் விவசாயக் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டு. கிராமத்தில் 'சொசைட்டி' என்றால் அடிப்படியில் இருக்கும் இந்தச் சங்கம்தான். பழைய ஆட்கள் இதை ஐக்கிய நாணயச் சங்கம் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, நல்ல காரியம் செய்தார். கடன் கொடுக்க ஆதாரமாக இருக்கும் நம்பிக்கைக்கும் நாணயம்தான்; கையில் எண்ணும் காசுக்கும் நாணயம்தான். அரசு ஊழியர், ஆலைத் தொழிலாளர் நடத்தும் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சங்கம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை மாகாணத்தில் விவசாயிக்குக் கடன் கொடுக்க என்ன வழி என்று ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன், 1895இல் தன் அறிக்கையின் முதல் தொகுதியைக் கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கேயும் வேண்டும் என்பது அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானது. அந்தச் சட்டத்தில் கிராமச் சங்கங்களுக்கு இரண்டு கடுமையான விதிகள் இருந்தன. உறுப்பினர்களின் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சங்கம் நொடித்தால் அவரவர் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, லாபத்தைப் பங்கு போடாமல் சேம நிதியில் சேர்க்க வேண்டும். முதல் விதி பிறகு தளர்ந்தது. இரண்டாவதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. சங்கமே கலைந்தாலும் சேம நிதியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. யாருக்கும் சொந்தமில்லாத, ஊருக்குச் சொந்தமான ஒரு முதல் அது.

இப்போது கணக்குக்கு வருவோம். நகைக்கடனில் ஆரம்பிப்பதுதான் சரி. பெரும்பாலான சங்கங்களில் சம்பளம் முதல் கரண்ட் பில் வரை எல்லாம் அதிலிருந்துதான் நடக்கிறது. ஒருவர் ஒரு லட்ச ரூபாய்க்கு நகை வைக்கிறார். சங்கத்தில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 10,000 வட்டி. அதே நகையைத் தெருமுனைக் கடையில் 'ரெண்டு வட்டி'க்கு வைத்தால், அதாவது நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருடத்துக்கு 24,000. வித்தியாசம் 14,000. சங்கத்தில் நகைக்கடன் நிலுவை 4 கோடி இருந்தால் ஊரை விட்டுப் போகாமல் நின்ற பணம் வருடத்துக்கு 56 லட்சம். இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் சங்கத்தின் வட்டி விகிதத்தையும் நிலுவையையும் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த 4 கோடியில், வாங்கும் வட்டிக்கும் கொடுக்கும் வட்டிக்கும் நடுவே சங்கத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் இடைவெளி நின்றால் 8 லட்சம். செயலாளர், எழுத்தர், காவலாளி, நகை மதிப்பீட்டாளருக்குத் தரகு, பெட்டகக் காப்பீடு எல்லாம் அதற்குள். மீந்ததுதான் லாபம். அந்த லாபத்தில் ஒரு துளிதான் டிபன் பாக்ஸ்.

நகை வைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. சீட்டில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல், அரக்கு, அழுக்குக் கழிவு என்று எவ்வளவு குறைத்தார்கள் என்பது அந்த இரண்டின் வித்தியாசம். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். 42 கிராம் எடையுள்ள அட்டிகையில் 2 கிராம் கழித்தால் நியாயம், 5 கிராம் கழித்தால் உரைகல்லை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பெட்டகத்துக்கு இரட்டைச் சாவி. ஒன்று செயலாளரிடம், மற்றது இன்னொரு பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். சங்கங்களில் போலி நகை மோசடி நடந்த இடங்களில் பெரும்பாலும் இரண்டு சாவியும் ஒரே மேசை இழுப்பறையில் இருந்திருக்கும், அல்லது மதிப்பீட்டாளர் போட்ட எடையை வேறு யாரும் சரிபார்க்காமல் இருந்திருப்பார்கள். மேற்பார்வையாளர் முன்னறிவிப்பின்றி வந்து பொட்டலத்தைப் பிரித்து எடை போடுவது சம்பிரதாயம் போலத் தெரியும். ஊரின் தாலிக்கொடிகளைக் காப்பது அந்தச் சம்பிரதாயம்தான்.

பயிர்க்கடனில் கணக்கு வேறு. 3 லட்சம் வரையான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தேதிக்குள் கட்டினால் மத்திய அரசின் ஊக்கத்தொகை 3 சதவீதம் கழியும், மீதி 4 சதவீதத்தை மாநில அரசு ஏற்கிறது. ஆகவே விவசாயிக்கு வட்டி பூஜ்யம். இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு நாள் தாமதமானாலும் ஊக்கத்தொகை போய்விடும். கடன் வாங்கிய நாளிலிருந்து 7 சதவீதம் விழும். ஒரு லட்சத்துக்கு ஒரு வருடத்தில் 7,000 ரூபாய், ஒரே ஒரு நாளுக்காக. தவணை தேதி என்பது பட்டுவாடா நாளிலிருந்து எண்ணுவது. பொங்கலிலிருந்தோ அறுப்பிலிருந்தோ அல்ல. பாஸ்புத்தகத்தில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லும் செயலாளர், எத்தனை விழா நடத்துபவரை விடவும் ஊருக்கு உபகாரி.

விண்ணப்பத்துக்குச் சிட்டா, எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் கொடுக்கும் அடங்கல், ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், வேறு வங்கியில் அதே நிலத்துக்குக் கடன் இல்லை என்பதற்கான சான்று வேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதைச் செயலாளர் முடிவு செய்வதில்லை. மாவட்டத் தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் பயிர்வாரியாகக் கடன் அளவை நிர்ணயிக்கிறது. அதில் ஒரு பகுதி ரொக்கம், மத்தியக் கூட்டுறவு வங்கிக் கணக்கில் ஏறும். ஒரு பகுதி உரமாகச் சங்கத்தில் எடுக்க வேண்டும். ஈடில்லாமல் கொடுக்கும் விவசாயக் கடனுக்கான வரம்பை ரிசர்வ் வங்கி 1.6 லட்சத்திலிருந்து 2 லட்சமாக 2025 ஜனவரி 1 முதல் உயர்த்தியது. விண்ணப்பம் நிற்கும் இடம் பெரும்பாலும் அடங்கல்தான். குத்தகைக்கு உழுபவர் பெயர் அதில் ஏறியிருக்காது. நிலத்துக்காரர் ஏற்றவும் விடமாட்டார். ஊரில் உண்மையாகச் சேற்றில் நிற்பவருக்குச் சங்கத்தின் கதவு அரைக்கதவாக இருப்பதற்கு இதுதான் காரணம். இதைச் சரிசெய்யாமல் 'அனைவருக்கும் கடன்' என்று பலகை வைப்பதில் அர்த்தமில்லை.

தவணை நெருங்கும்போது நடக்கும் இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். கையில் காசில்லாதவர் ஒருவரிடம் ஒரு நாளுக்குப் பணம் புரட்டிக் கட்டுவார். மறுநாள் புதுக்கடன் எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பார். அந்த ஒரு நாளுக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று வாங்கும் ஆட்கள் உண்டு. 'வட்டியில்லாக் கடன்' என்பதன் வட்டி அப்படி வேறு ஒருவர் பைக்குப் போகிறது. இன்னும் மோசமானது, காசே கைமாறாமல் சங்கத்திலேயே பழைய கடனை முடித்துப் புதுக்கடன் கொடுத்ததாக எழுதுவது. புக் அட்ஜஸ்ட்மென்ட் என்பார்கள். காகிதத்தில் வசூல் நூறு சதவீதம். நிஜத்தில் கடன் ஐந்து வருடமாக அசையவில்லை. ஒரு வருடம் மழை பொய்த்தால் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்.

உரக்கடையின் பங்கு எந்த லாபக் கணக்கிலும் முழுதாகத் தெரியாது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா. விற்பனை கைரேகை வைக்கும் பிஓஎஸ் கருவி வழியாகத்தான். நடவு நட்ட வயலில் மேலுரம் போட வேண்டிய நாட்களில் தனியார் கடையில் 'யூரியா வேணும்னா இதையும் எடுத்துக்கோங்க' என்று நுண்ணூட்டப் பாட்டில் ஒன்றைச் சேர்த்துத் தள்ளுவது ஊரறிந்த விஷயம். சங்கத்துக் கிடங்கில் சரக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தைரியம் வராது. சங்கத்தில் வாங்காதவருக்கும் இந்தப் பலன் போய்ச் சேர்கிறது. ஆகவே தேவை வருவதற்கு முன்பே மாநிலக் கூட்டுறவு விற்பனை இணையமான டான்ஃபெட் மூலம் சரக்கைக் கேட்டு வாங்கி வைப்பதுதான் செயலாளரின் சாமர்த்தியம். கிடங்கு இருப்பும் கருவியில் காட்டும் இருப்பும் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த ஒதுக்கீடு தடைபடும். 'ரேகை விழலை, அப்புறமா போட்டுக்கலாம்' என்று மூட்டையைக் கொடுத்தனுப்புவது உதவி மாதிரித் தெரிந்தாலும் ஒரு மாதம் கழித்து ஊருக்கே உரம் இல்லாமல் போவது அதனால்தான்.

ரேஷன் கடையும் சங்கத்தின் தலையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அதில் லாபம் எதிர்பார்க்க முடியாது. வெற்றுச் சாக்கு விற்ற காசைக்கூடக் கணக்கில் எதிர்பார்த்து நிற்கும் தொழில் அது.

சேமிப்புக் கணக்கு வைப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் போடும் பணத்துக்கு 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கிராமத்துக் கடன் சங்கம் வங்கி அல்ல. அந்தக் காப்பீடு இங்கே கிடையாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சங்கங்கள் பெயரில் 'வங்கி' என்று போட்டுக்கொள்ளவும் கூடாது. பழைய பெயர்ப்பலகை இன்னும் தொங்கினால் அதை நம்பி ஏமாற வேண்டாம். அதிக வட்டி கிடைக்கிறதே என்று ஓய்வூதியப் பணம் முழுவதையும் ஒரே சங்கத்தில் போடுவதை நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரு பகுதியைப் போடுங்கள். அந்தப் பணம்தான் பக்கத்துத் தெருக்காரருக்கு நகைக்கடனாகப் போகிறது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் கடன் வாங்கிக் கொடுப்பதை விட ஊர்ச் சேமிப்பை ஊருக்கே கொடுக்கும் சங்கத்துக்கு இடைவெளியும் அதிகம், தைரியமும் அதிகம்.

பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்களில் திருப்பிக் கொடுக்கும் விதம் கொஞ்சம் வேறு. அங்கே கடன் சம்பளத்தில் பிடிபடுவதால் வாராக்கடன் குறைவு. பல சங்கங்கள் குடும்ப நல நிதி என்று மாதம் ஒரு சிறு தொகை பிடிக்கும். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் அவருடைய கடனை அந்த நிதியிலிருந்து ஒரு வரம்புக்குள் அடைத்துவிடுவார்கள். ஜாமீன் போட்ட நண்பர்மேல் கடன் விழாமல் தடுப்பது இதுதான். இறப்பு வீட்டுக்கு மாலையோடு போவதை விடப் பெரிய ஆறுதல் அது. யாழ்ப்பாணப் பக்கம் இந்த வகைச் சங்கங்களைச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்பார்கள். அங்கே மூளாயில் கூட்டுறவு முறையிலேயே ஒரு மருத்துவமனையை நடத்துகிறார்கள்.

இனி லாபம் பிரிக்கும் கதை. நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். தணிக்கை முடிந்து நிகர லாபம் நின்றால், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இன்படி முதலில் சேம நிதிக்கு ஒரு பங்கு. பிறகு கூட்டுறவு ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கு 3 சதவீதம், கூட்டுறவுக் கல்வி நிதிக்கு 2 சதவீதம். அதன் பிறகே பங்கு ஈவு, ஊழியர் ஊக்கத்தொகை, பொது நல நிதி எல்லாம். பள்ளிக்கு பெஞ்சு, நூலகத்துக்கு அலமாரி, குடிநீர்த் தொட்டி, மருத்துவ முகாம் ஆகியவை இந்தப் பொது நல நிதியில் செய்ய வேண்டியவை. கோயில் கொடைக்கும் கட்சிக்காரர் நீட்டும் ரசீதுக்கும் இதில் கை வைக்கக் கூடாது. 3 லட்சம் லாபம் காட்டிய சங்கம் பத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் 30,000 ரூபாய். மேலே பார்த்த 56 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெஞ்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. பெஞ்சைக் காட்டி வட்டியை ஏற்றினால் கேள்வி கேளுங்கள் என்கிறோம். குவிந்த நட்டம் இருக்கும் சங்கத்தில் இந்தப் பங்கீடே நடக்காது. அந்த நட்டம் தீரும் வரை ஈவும் இல்லை, பெஞ்சும் இல்லை.

நட்டம் எப்படிக் குவிகிறது என்பதை அறிய ஒரே ஒரு எண் போதும். ஊழியர்கள் அதை 'இம்பேலன்ஸ்' என்பார்கள். சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஒரு பக்கம். உறுப்பினர்கள் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி மறுபக்கம். முதலாவது இரண்டாவதை விடப் பெரியதாக இருந்தால், உறுப்பினர் கட்டிய பணம் மேலே போகாமல் நடுவில் செலவாகிவிட்டது என்று அர்த்தம். சம்பளத்துக்குப் போயிருக்கலாம், ரேஷன் கடை நட்டத்துக்குப் போயிருக்கலாம், யாருடைய வீட்டுக்காவது போயிருக்கலாம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பொருளியலாளர் ஏ. வைத்தியநாதன் தலைமையில் 2004இல் அமைந்த குழு, நட்டத்தை அரசு ஈடுகட்டுவதோடு நிர்வாகத்தில் அரசியல், அரசுத் தலையீட்டைக் குறைப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றது. பணம் வருவது எளிதாக இருந்தது. தலையீடு குறைவது அவ்வளவு எளிதாக இல்லை.

தள்ளுபடிகளும் தலையீட்டில் சேர்த்திதான். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆட்சி மாறியபின் 5 பவுன் வரையான நகைக்கடன் தள்ளுபடியும் வந்தது. கஷ்டத்தில் இருந்தவருக்கு அது நிஜமான மூச்சு, மறுப்பதற்கில்லை. சங்கத்தின் பக்கம் பார்த்தால், அரசு அந்தத் தொகையைத் தவணைகளாகக் கொடுக்கும். அதுவரை மேலே கட்ட வேண்டியது நிற்காது. ஒழுங்காகக் கட்டியவர் அடுத்த தேர்தல் வரை காத்திருக்கக் கற்றுக்கொள்வார். நாணயச் சங்கத்தில் நாணயம் தேய்வது அங்கேதான்.

மேலிருந்து வரும் நல்ல திட்டமும் இப்படித் தடுமாறியிருக்கிறது. சங்கங்களைப் பல்நோக்குச் சேவை மையங்களாக்க நபார்டு குறைந்த வட்டியில் கடன் தருகிறது. மானியம் கழிந்தால் வட்டி 1 சதவீதம்தான். டிராக்டர், அறுவடைக் கருவி, ட்ரோன் வாங்கினார்கள். ஓட்டுநர் யார், டீசலுக்கு முன்பணம் எங்கிருந்து, மணி வாடகை தனியாரை விட எவ்வளவு குறைவு என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாமல் வாங்கிய இடங்களில் வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கிறது. தேவையில்லாத கருவிகளைத் தலையில் கட்டுகிறார்கள் என்று 2023இல் சங்க ஊழியர்களே போராடினார்கள். வாங்குமுன் அந்த வட்டாரத்தில் அறுவடைக் காலத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று எண்ணியிருந்தால் போதும். வேலை நாள் குறைவாக இருந்தால், சொந்தமாக வாங்காமல் பக்கத்துச் சங்கத்தோடு சேர்ந்து வைத்துக்கொள்வதே மேல்.

இதையெல்லாம் கேட்க இடம் சங்க உறுப்பினர்கள் கூடும் பேரவைக் கூட்டம், பழைய பெயரில் மகாசபை. அங்கே கேட்க வேண்டியவை: மத்திய வங்கிப் பாக்கியும் உறுப்பினர் பாக்கியும் எவ்வளவு, தவணை தவறிய கடன் மொத்தத்தில் எத்தனை சதவீதம், அதில் நிர்வாகத்தில் இருந்தவர்களின் உறவுக்காரர் பெயர் உண்டா, தணிக்கை வகைப்பாடு போன வருடத்திலிருந்து ஏறியதா இறங்கியதா, பொது நல நிதியில் எடுத்த ஒவ்வொரு செலவுக்கும் ரசீது எங்கே. பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நேராகச் சங்கத்துக்கு மனு போட்டால் திரும்பி வரலாம். கூட்டுறவுச் சங்கம் தானாகவே பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கேரள வழக்கொன்றில் சொல்லிவிட்டது. அதனால் மனுவைக் கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பதிவாளர் சட்டப்படி சங்கத்திடம் கேட்டு வாங்கக்கூடிய தகவலை அங்கிருந்து பெறலாம். முறைகேடு தெரிந்தால் 1983 கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவின் கீழ் விசாரணை, இழப்பு உறுதியானால் 87ஆம் பிரிவின் கீழ் தண்டத்தீர்வை. காரணமானவர் கைக்காசிலிருந்து வசூலிக்கும் வழி அது.

ஆனால் பேரவையில் எழுந்து கேட்க முதலில் ஓட்டுரிமை வேண்டும். நகை வைக்க வருபவர்களை இணை உறுப்பினர்களாகவே சேர்த்துவிடுவது வழக்கம். அவர்களுக்கு ஓட்டும் இல்லை, ஈவும் இல்லை. சங்கத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் கொண்டுவருபவர்கள் வாசலில் நிற்கிறார்கள் என்று பொருள். பல சங்கங்களில் பங்குத்தொகை 100, நுழைவுக் கட்டணம் 10, ஆக 110 ரூபாய்தான். பணம் கட்டியதும் ரசீதில் 'அ வகுப்பு', அதாவது ஓட்டுள்ள உறுப்பினர், என்று எழுதியிருக்கிறதா, வாரிசு நியமனத்தில் பெயர் ஏறியதா என்று அந்த ஜன்னலிலேயே பார்த்துவிட்டு நகருங்கள். தாத்தா பெயரில் பழைய பங்கு இருந்தால் இறப்புச் சான்றோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள். கணினிமயமாக்கி ஆதாரைச் சேர்க்கும்போது விட்டுப்போனால் அந்தப் பங்கைத் தேடி எடுக்க இன்னொரு தலைமுறை ஆகும்.